நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லாதவள்

சங்கரன்கோவிலில் யாரிடம் எதைச் சொன்னாலும், "நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்பார்கள். செய்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், செய்யாதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து மட்டும் நான் கேட்டதே இல்லை.

இட்லி மாவு விற்கிறவள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சைக்கிளின் பின்னால் இரண்டு பெரிய வாளியைக் கட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கத்துத் தெருக்களுக்கு வருவாள். ஏறி ஓட்ட மாட்டாள், தள்ளிக்கொண்டுதான் வருவாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்பாள். எங்கள் சபையில்தான் அவளும். ஆனால் அவள் மணிச் சத்தம் கேட்டால் சபைக்காரர்கள் பாதிப்பேர் வீட்டுக்குள் போய்விடுவார்கள், மாவு வேண்டியிருந்தாலும். நானும் போயிருக்கிறேன்.

காரணம் அவளுடைய ஜெபம். கண்ணை மூடி ஆரம்பிப்பாள். நல்லாத்தான் போய்க்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்திவிடுவாள். பக்கத்தில் இருக்கிறவர் முழங்காலை இரண்டு விரலால் தொட்டு, "மீதிய நீங்க ஜெபிங்க" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் வாய் திறக்காது. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பாள். அவளோடு ஒரு அறையில் கண்ணை மூடுகிறவர்கள் எல்லாருக்கும் முழங்கால் கூசிக்கொண்டேதான் இருக்கும். ஆமென் வரைக்கும் அவளே போன ஜெபம் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்கள் சபைப் பெண் ஒருத்தியைப் பார்க்கப் போனோம். ஆட்டோ ஓட்டி வந்தவரும் எங்கள் ஆள்தான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறவர். அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினாள். ஜெபத்தை ஆரம்பித்தாள், நிறுத்தினாள், அவர் கையைத் தொட்டாள். அந்த மனுசன் வேர்த்துப்போய், "ஆண்டவரே, நீரே பாத்துக்கிடும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டார். கட்டிலில் கிடந்தவள் சிரித்துவிட்டாள், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவரைக் கேவலப்படுத்திவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். ஆனால் அதற்குப் பிறகு அவர் செவ்வாய்க்கிழமை தோறும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். ஆள் இல்லாத நோயாளிகளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். இப்போதும் போகிறார்.

"நீ ஏன் முழுசா ஜெபிக்க மாட்டேங்க?" என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் முடிச்சிட்டா அவிய சும்மா கேட்டுக்கிட்டே இருப்பாவ மைனி. கேட்டுக்கிட்டே இருந்தா சீஷராக முடியாதுல்லா" என்றாள். சீஷர், அதாவது இயேசுவின் சீடர், என்கிற வார்த்தையை அவள் ரொம்பச் சொல்வாள். நாங்களெல்லாம் பிரசங்கத்தில் மட்டும் கேட்கிற வார்த்தை அது. அவள் மாவு ஊற்றும்போதும் சொல்வாள்.

அந்த வார்த்தையால்தான் நான் மாட்டினேன்.

வருசக் கடைசி சபைக் கூட்டம். குருவானவர் ஐயா நடுவில் இருந்தார். செயலாளர் அண்ணாச்சி அறிக்கை வாசித்தார். இத்தனை குடும்பம், இத்தனை ஞானஸ்நானம், இத்தனை கல்யாணம், இத்தனை அடக்கம் என்று வாசித்து முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள், சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"எல்லாம் வாசிச்சிய அண்ணாச்சி. சீஷர் எத்தன பேருன்னு ஒரு கட்டம் இல்லையே?"

அண்ணாச்சி சிரித்தார். "நாம எல்லாருந்தானம்மா சீஷர்."

"அப்பம் நீங்க யாரச் சீஷராக்கினிய? ஒரு பேரு சொல்லுங்க."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்து, "என் மவன்" என்றார்.

"அவன் சென்னையில ஞாயித்துக்கிழம பன்னெண்டு மணிக்குத்தான் எந்திரிக்கான்னு நீங்கதான போன வாரம் வருத்தப்பட்டிய."

எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாச்சி வீட்டு அக்காவும் சிரித்தார்கள். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நீ யாரை ஆக்கினம்மா, நீ ஒரு பேரு சொல்லு" என்றார்.

அவள் திரும்பி என்னைக் காட்டினாள். "அந்தா இருக்காவல்லா, மைனி. அவிய."

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வேதப்புத்தகத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சபையில் இருபது வருசமாக வலது பக்கம் தூண் மறைவில்தான் உட்காருவேன். அவள் எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை, மாவு ஊற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாத் தலையும் தூண் பக்கம் திரும்பியது. சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் பிடித்துச் சண்டை போட்டேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். பொய் இல்லை, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு அந்த வாயோடேயே, வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு செல்வி உங்க வீட்டுக்கு வருவாள், அவளோடு உட்கார்ந்து வேதத்தில் ஒரு அதிகாரம் வாசியுங்க என்றாள்.

செல்வி தறிக்கூடத்தில் தார் சுற்றுகிற பெண். விசைத்தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. முப்பது வயது இருக்கும். கோமதி அம்மனைக் கும்பிடுகிற குடும்பம். வேலைக்குப் போகிற வழியில் எங்கள் சர்ச்சில் பாட்டுக் கேட்டு நின்று, நின்று, ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்தவள். யாரும் கூப்பிடவில்லை. புருசன் திருப்பூரில். உன் இஷ்டம் என்று போனில் சொல்லிவிட்டான். வீட்டில் மாமியார், மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை.

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை மாவுக்காரியும் வந்தாள். எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தாள். செல்வி பத்தாவது படித்தவள், என்னைவிட வேகமாக வாசித்தாள். சந்தேகம் கேட்டால் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அவள் மேலே விட்டத்தைப் பார்ப்பாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. வர மாட்டாள் என்று எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவேண்டும்.

அன்றைக்குப் பார்த்துத்தான் செல்வி அதைக் கேட்டாள். பிள்ளைக்கு வேனல் கட்டி. மாமியார் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசுகிறார். சங்கரன்கோவிலில் எந்தக் கட்டிக்கும் சிரங்குக்கும் அதுதான் முதல் மருந்து. "நான் என்ன செய்யணும் அத்த?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சபைக்கு முன்னால் என் பேரைச் சொல்லியிருக்கிறாளே, தெரியாது என்றால் எப்படி? சின்ன வயசில் எங்கள் அம்மா சொன்னது வாயில் வந்தது. "அதெல்லாம் நமக்கு ஆகாது. வீட்டுலயே இருக்கப்படாது" என்றேன். கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது, அதை மறைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை செல்வி சர்ச்சுக்கு வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது. சிவகிரியிலிருந்து, அவள் அம்மா வீட்டிலிருந்து. பேச முடியாமல் அழுதாள். மாடத்தில் இருந்த புற்றுமண் பொட்டலத்தை எடுத்து வாறுகால் சாக்கடையில் போட்டிருக்கிறாள். மாமியார் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு பையில் இரண்டு சேலையை வைத்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, சிவகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"பிள்ள என்னத் தேடும் அத்த" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாவுக்காரி வருகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். அவள் மணிச் சத்தத்துக்கு நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். நீ போய் அந்த மாமியாரிடம் பேசு என்று கேட்டேன். உனக்குத்தான் பேச வரும், ஊரெல்லாம் உன்னைத் தெரியும் என்று கெஞ்சினேன்.

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். ரொம்ப நேரம் கைப்பிடியை விடவில்லை.

"ஆண்டவரக் காட்டச் சொன்னா, நம்ம வீட்டுச் சட்டத்தக் காட்டிட்டியளே மைனி."

வைது சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்போ நீ போ என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டினாள். "சொன்னது நீங்க. நீங்கதான் போகணும்" என்றாள். கூட வருவாயா என்று கேட்டேன். தெருமுனை வரைக்கும் வாரேன் என்றாள்.

இரண்டு நாள் போகவில்லை. சோறு இறங்கவில்லை. மகன் என்னவென்று கேட்டான், வயிறு சரியில்லை என்றேன். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது மாதிரியே இருக்கும். புதன்கிழமை காலையில் போனேன். அவள் சொன்னபடி தெருமுனையில் நின்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமியார் வாசலில் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். யார் என்று கேட்டார். செல்விக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் என்றேன். சீப்பு நின்றது.

"நீதானா அது."

"நாந்தான். மண்ணத் தூரப் போடச் சொன்னது நாந்தான். அவ மேல தப்பு இல்ல."

"ஒன் சாமி புஸ்தகத்த நான் எடுத்து வாறுகால்ல போட்டா நீ சும்மா இருப்பியா?"

"இருக்க மாட்டேன்."

"என் நாலு பிள்ளைக்கும் பூசுன மண்ணு. இவ அப்பன் ஒடம்பெல்லாம் கட்டியாக் கெடந்தப்ப அதத்தான் பூசுனேன். அவ அத மூக்கப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போனா, பீத்துணியத் தூக்கிட்டுப் போற மாதிரி."

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி. மன்னிப்பு வேண்டாம். போயி மண்ணு எடுத்துட்டு வா. நீயே கோயிலுக்குப் போயி எடுத்துட்டு வந்து அந்த மாடத்துல வையி. அவள வரச் சொல்லுதேன்" என்றார்.

வெளியே வந்தேன். தெருமுனையில் அவளிடம் சொன்னேன். என்ன செய்ய என்று கேட்டேன். போ என்று சொல்வாளா, போகாதே என்று சொல்வாளா என்று அவள் முகத்தையே பார்த்தேன். சபைக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ஆண்டவருக்கு முன்னால் இது சரியா, போகாவிட்டால் அந்தப் பிள்ளை கதி என்ன. எல்லாம் ஒன்றாக வந்தது.

அவள், "எங்கிட்ட கேக்காதிய மைனி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த நிமிசம் அவளை நான் வெறுத்தேன்.

திரும்பவும் அந்த வீட்டுக்கே போனேன். "உள்ள போயி நான் எடுக்க மாட்டேம்மா. என் மனசு ஒப்பாது. ஒப்பாம எடுத்தா அது ஒங்க சாமிக்கும் மரியாத இல்ல. ஆனா ஒங்க கூட வாசல் வரைக்கும் வாரேன். நீங்க எடுத்துட்டு வர்ற வரைக்கும் வெயில்ல நிக்கேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டார். முந்தியை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கோபுர வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். "இதப் பாத்துக்கிடு. போன மாசந்தான் ஒரு சோடி போச்சு. இது புதுசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செருப்புக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். புதன்கிழமை, ஆனாலும் கூட்டம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. என் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சின்னதாகச் சிலுவை. ஒரு அம்மாள் தன் செருப்பையும் என் பக்கத்தில் விட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போனாள். இன்னொருத்தியும் விட்டாள். ஐந்து சோடி சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் செயலாளர் அண்ணாச்சி வீட்டு அக்கா காய்கறிப் பையோடு ரத வீதியில் வந்தார்கள். ஒளிய ஒரு தூண்கூட இல்லை. என்ன இங்கன உக்காந்திருக்கிய என்று கேட்டார்கள்.

"செருப்பு பாக்கேன்" என்றேன்.

வேறென்ன சொல்ல. அவர்கள் செருப்பைப் பார்த்தார்கள், கோபுரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் போய்விடும் என்று தெரியும். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. யாருடைய செருப்பாவது போய்விட்டால் என்ன செய்ய என்றும் இருந்தது. ஜெபம் பண்ணப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

மாமியார் வர அரைமணி ஆயிற்று. கையில் தாள் பொட்டலம். என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன இப்படி வேர்த்துருக்கு. பயந்தியா?"

"ஆமா."

செருப்பைப் போடாமல் என் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். பிறகு சொன்னார், "அவ மொத நாளு ஒங்க சர்ச்சுக்குப் போனால்லா, நானும் இப்படித்தான் வாசப்படியில உக்காந்திருந்தேன். திரும்பி வருவாளா, அப்படியே போயிருவாளான்னு."

நான் அதை நினைத்ததே இல்லை. எங்கள் சபையில் ஒரு ஆள் கூடினது என்றுதான் நாங்கள் அன்றைக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். இங்கே ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

"அவளுக்குப் போனப் போடு" என்றார். "சாயங்காலத்துக்குள்ள வந்து சேரச் சொல்லு. மண்ண அவ பூச வேண்டாம், தூரவும் போட வேண்டாம். அது பாட்டுக்கு அங்கன இருக்கட்டும். வெள்ளிக்கிழம வந்து ஒங்கிட்ட வாசிச்சுக்கிடட்டும். தெரியாதத மட்டும் சொல்லிக்குடுக்காத."

அன்றைக்குச் சாயங்காலம் மாவுக்காரி வந்தாள். செருப்பு பார்த்ததைச் சொன்னேன். அக்கா பார்த்ததையும் சொன்னேன். மாமியார் சொன்னதையும் சொன்னேன். பாராட்டுவாள், இல்லையென்றால் வைவாள், இல்லையென்றால் புதிதாக ஒரு வேலை கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் வாளி மூடியைத் திறக்காமலே நின்றாள்.

"நானா இருந்தா உக்காந்திருக்க மாட்டேன் மைனி" என்றாள். "நம்மாளு யாராவது பாத்திருவாவன்னு எந்திரிச்சு வந்திருப்பேன்."

"பெறவு என்னைய மட்டும் ஏன் அனுப்புன?"

"எனக்குப் பயம். அதான்."

கட்டிலுக்குப் பக்கத்தில் பாதியில் நிறுத்தின ஜெபமெல்லாம் நினைவு வந்தது. அதில் எத்தனை மற்றவர்களை முன்னால் தள்ளுவதற்காக, எத்தனை அவளுக்கே மீதி வார்த்தை வராமல்? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியாது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவள் ராயகிரிக்கு மகள் வீட்டோடு போய் நாலு வருசம் ஆகிறது. யாராவது அவளைக் குறை சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். யாராவது ரொம்பப் புகழ்ந்தாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

நான் செருப்பு பார்த்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை மூணு மணி ஆகியும் செல்வி வரவில்லை. மூணேகால் ஆயிற்று. மாமியார் மனம் மாறிவிட்டார் என்றே முடிவு பண்ணினேன். அப்புறம் வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் காய்ந்த மண் திட்டுத் திட்டாக இருந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் வெள்ளைச் சேலையில் மண் உதிர்ந்தது.

மாவுக்காரியும் வந்திருந்தாள். பின்னால் சுவர் பக்கம் போகவில்லை. செல்விக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, எந்த அதிகாரம் என்று கேட்டாள். செல்வி வாசிக்க வாசிக்க, அந்தச் சுருங்கின விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, முதல் முதலாக வாசிக்கிறவளைப் போல ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தாள்.